தலைக்கு மேல் மாட்டக் கூடாத கண்ணாடி

வேலு,

புதன்கிழமை மத்தியானம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. லாரி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லாரி எதுவும் வரவில்லை. கண்ணாடிக் கிடங்கு வாசலில் ஒரு நாய்தான் படுத்திருந்தது. அதன் பிறகு நீ இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, கால், கை எல்லாம் குறுகுறுக்கிறது. எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வெள்ளைக் கண்ணாடிக் குவியலை ஒரு சுற்று சுற்றி வருகிறேன், மறுபடி உட்காருகிறேன். சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது திருப்பிக்கொண்டு போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுத்து. இதை உன்னைக் கட்டிக்கப்போகிற குடியாத்தத்துப் பெண்ணும் படிக்கலாம். படித்தால் நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூரிலிருந்து வந்து இறங்கியபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி தன் பழைய ஷோரூமை இடிக்கிறது என்று கேள்விப்பட்டு, உன் விளக்குக் கடைக்குச் சரக்கு எடுக்கிற மாதிரி நீயே போய், வைக்கோல் வைத்துக் கட்டிய இரண்டு பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாய். கூடத்தில் பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். பதினாலு கண்ணாடிக் குண்டுகள், தேங்காய் அளவு, கழுத்து மட்டும் திறந்தது. ஒவ்வொன்றின் சுவருக்குள்ளும் சின்னச் சின்ன உலோக வளையங்கள் மிதந்துகொண்டிருந்தன. ஷூவில் கயிறு கோர்க்கும் ஓட்டைக்குப் போடுவார்களே, அந்த ஐலெட். சிலவற்றில் வளையத்தைச் சுற்றி மயில் கழுத்து நிறம். கழுத்துப் பக்கம் துளை போட்டு, உள்ளே பல்பு வைத்து, கல்யாண மண்டபத்தில் பந்திக்கு மேலே இரண்டு வரிசையாகத் தொங்கவிடப் போவதாகச் சொன்னாய். "இந்த மாதிரி வெளிச்சத்துல இந்த ஜில்லாவுல எவனும் சாப்ட்டிருக்க மாட்டான்பா. நல்ல மால்தானே?" என்று கேட்டாய். நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். "நல்லா இருக்குடா. அருமையா இருக்கு" என்று சொன்னேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். நீ சாயங்காலமே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

புதன்கிழமை நீ ஒரு படம் அனுப்பினாய். உன் மேஜையில் ஒரு குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. கீழே சிரிப்புப் பொம்மை போட்டு, 'ஒண்ணு போச்சுப்பா, டிரில் வேகம் ஜாஸ்தி போல' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. கூப்பிட்டு, "மத்தது எதையும் மாட்டாத. அதுக்குள்ள இரும்பு இருக்கு" என்றேன். நீ டிரில்லை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "உனக்கு எப்டிப்பா தெரியும்? தெரியும்னா அன்னிக்கு ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?" என்று கேட்டாய். அப்போதுதான் அந்த வராத லாரி வந்தது.

எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்கிறேன், அது சுலபம். நீ சின்ன வயதில் இந்தக் கிடங்கில் ஓடி விளையாடியவன், இருந்தாலும் நாங்கள் செய்கிற வேலை என்ன என்று நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. உடைந்த கண்ணாடியை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரிப்பது பாதி வேலைதான். மீதி வேலை, கண்ணாடிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மூட்டையில் ஒரு கல்லோ ஒரு இரும்புத் துண்டோ இருந்தால் உலைக்காரன் முழு மூட்டையையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் என் கண் கண்ணாடியைப் பார்க்காது, கண்ணாடிக்குள் இருப்பதைத்தான் பார்க்கும். வெள்ளைச் சோற்றுப் பருக்கை மாதிரி இருந்தால் அது உருகாத மணல். தகதகவென்று செதில் செதிலாக மின்னினால் அப்பிரகம். சாம்பல் விழுந்திருந்தால் மேகம் போல ஒரு மங்கல், அதைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழி. உன் அம்மாவோடு சினிமாவுக்குப் போனாலும் இடைவேளையில் குளிர்பான பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் திட்டு வாங்குகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை உன் குண்டைத் திருப்பியபோது முதலில் அடியைப் பார்த்தேன். தொப்புள் மாதிரி ஒரு வடு இருந்தது. ஊதுகிறவர்கள் வாயைச் சரிசெய்யும்போது அடியில் ஒரு கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு தட்டி எடுப்பார்கள், அந்த இடம் அது. அச்சில் வார்த்ததாக இருந்தால் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு ஓடும், இதில் இல்லை. குமிழிகள் எல்லாம் கழுத்தை நோக்கி நீண்டிருந்தன. வாயால் ஊதியதுதான். அப்புறம் வளையங்களைப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம் இருக்கிற இடத்தில் வளையத்தின் விளிம்பு மழுங்கி, சுற்றிக் குமிழி கட்டியிருந்தது. அது பித்தளை. நிறமே இல்லாமல் கருப்பாக, ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு இருக்கிற இடத்தில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி மீன் செதில் போல ஒரு மினுக்கல். அது கீறல். அது இரும்பு. இதையெல்லாம் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை ஊதியவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. ஏனென்றால் இதே குண்டு ஒன்று நம் வீட்டில் தொங்கியது. உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு எட்டு மாதம்.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற வழியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காதர் பாய் என்பவர் ஒரு சின்ன உலை வைத்திருந்தார். காலேஜ் ஆய்வுக்கூடங்களுக்குக் குப்பி ஊதுவதுதான் அவர் பிழைப்பு. ஒரு சமயம் ஒரு ஷூ கம்பெனிக்காரர், வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது புதுமாதிரியாக வேண்டும் என்று கேட்டார். பாய் யோசித்து, அதே கம்பெனியின் பித்தளை ஐலெட்டை வாங்கி, முதல் ஊதலுக்கு மேல் அதை ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு சுற்றுக் கண்ணாடி எடுத்து மூடி ஊதினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் கம்பெனியில் பித்தளை வளையமும் இரும்பு வளையமும் ஒரே மாதிரிப் பூச்சு போட்டு வரும், கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. மூட்டையில் அது கொஞ்சம் இது கொஞ்சம் கலந்துவிட்டது. இரும்பு விழுந்த குண்டுகளைப் பாய் தனியே ஒதுக்கி வைத்து, உடைத்துக் கொண்டுபோகச் சொல்லி எங்கள் கிடங்குக்குச் சொல்லி அனுப்புவார். போய் எடுத்து வருகிறவன் நான். "இது உடைக்கிற மால். மாட்டுற மால் இல்ல. சூட்டுல ரெண்டும் தோஸ்த், ஆறுனா ரெண்டும் சண்ட" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். கம்பெனிக்குப் போனதிலும் அவர் கண்ணுக்குத் தப்பிப் போனவை இருந்திருக்கின்றன, இப்போது உன்னிடம் வந்திருப்பது அதுதான்.

நான் ஒன்றை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று வளையம் உள்ள குண்டு, இரண்டில் நீலப் பச்சை, ஒன்று கருப்பு. உடைக்க மனசு வரவில்லை. பாய் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் நான் எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டேன். கண்ணாடி பிரிக்கிறவன் எவனாக இருந்தாலும் அப்படித்தான் போடுவான். எங்களுக்கு இரும்பு என்றால் உலைக்குத்தான் ஆகாது. இதுதான் ஏற்கெனவே உலையைத் தாண்டி வந்துவிட்டதே, நெருப்பே ஒன்றும் செய்யாததை இனிமேல் என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். நாங்கள் உடைந்ததை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். முழுசாக இருக்கும் ஒரு பொருளுக்குள் எவ்வளவு இழுபறி இருக்கும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு சின்ன பல்பு போட்டு, உன் தூளி தொங்கிய கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன். நீ படுத்துக்கொண்டு அதையே பார்த்துச் சிரிப்பாய். உன் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அது பிடித்திருந்தது.

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்ததால் உன் அம்மா அந்த விளக்கைப் போட்டிருக்கிறாள். அவள் அப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அன்று லீவு. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சாரலுக்கு ஜன்னலைச் சாத்த நான்தான் எழுந்தேன். ஜன்னல் கதவை இழுத்தபோது சில்லென்று ஒரு காற்று உள்ளே வந்தது. பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம், நகத்தால் டம்ளரைத் தட்டுகிற மாதிரி. அவ்வளவுதான். நான் திரும்புவதற்குள் உன் அம்மா தூளிமேல் கவிழ்ந்து கிடந்தாள். அவள் இடது கையில் முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. அவளைத் தாண்டி ஒரே ஒரு சில்லு உன் புருவத்தில் விழுந்திருந்தது. கண்ணுக்கும் அதற்கும் ஒரு அரிசி அளவு இடைவெளி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர், அம்மா குனியாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

உன் புருவத்துத் தழும்பு நீ கட்டிலிலிருந்து உருண்டு டிரங்குப் பெட்டி முனையில் விழுந்ததால் வந்ததல்ல. உன் அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் விழுந்தாய் என்பதும் பொய். அவள் எங்கேயும் போகவில்லை. அந்தக் கதையை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் கட்டினேன். கிடங்கிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்போது மேஸ்திரி யார் என்றால் இப்போது திமிரியில் இருக்கிற உன் அத்தையின் வீட்டுக்காரர், உன் மாமா. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர். செய்தி கேட்டு அத்தை ஓடி வந்தபோது, நான் முந்திக்கொண்டு குழாயடி, டிரங்குப் பெட்டி என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவின் கைக்கட்டைப் பார்த்து அத்தை கேட்டாள். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஓடி வந்து தூக்கறப்போ வளையல் உடஞ்சு கிழிச்சுட்ச்சு" என்றாள். அத்தை கேட்டதோடு விடவில்லை. "புள்ள பக்கத்துல இருக்க வேண்டியவளுக்குக் குழாயடில இன்னாடி பேச்சு?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். அந்தச் சோற்றைத் தின்றது உன் அம்மா. ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும் யாராவது உன் புருவத்தைத் தடவிப் பார்ப்பார்கள், உடனே அத்தை ஆரம்பித்துவிடுவாள். "பெத்தா மட்டும் போதுமா, பாத்துக்கத் தெரியணும்." நீயும் விவரம் தெரிந்த பிறகு ஒரு தடவை ஏதோ கோபத்தில், "நீ என்னை உட்டுட்டுத் தண்ணி புடிக்கப் போனவதானே" என்று அவளைக் கேட்டாய். பத்தாம் வகுப்பு படிக்கும்போது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் உனக்குக் குழம்பு ஊற்றினாள், எனக்கும் ஊற்றினாள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். மாமா இறந்து, கிடங்கில் நானே மேஸ்திரி ஆகி, மறைக்க வேண்டிய காரணமே இல்லாமல் போன பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். காரணம் போய்விட்டது, பொய் மட்டும் இருந்தது. நாளாக ஆக, பொய்யைவிட அதை இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்ததுதான் பெரிதாகிவிட்டது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் நல்லா இருக்கு என்று சொன்னேன்? ஆகாது என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொன்னால் உன் புருவம் வரைக்கும் போக வேண்டும். அது ஒன்றுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. உன் கல்யாணத்துக்கு வந்து, இலை போட்டு உட்கார்ந்து, குனிந்து சாப்பிடப்போகிற சனங்களின் தலை எனக்கு அந்த நிமிடத்தில் தெரியவில்லை. என் முகம்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். அந்த ஒன்று உன் மேஜையில் உடைந்திருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு உட்கார முடியவில்லை.

மீதிப் பதிமூன்றையும் என்ன செய்வது என்று சொல்கிறேன், இதிலாவது நான் சொல்வதை நம்பு. முதலில் கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்குக் கையுறை, தடிமனான சட்டை போட்டுக்கொள். ஒரு சின்ன காந்தத்தை நூலில் கட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தில் தொங்கவிடு. பித்தளை அதைக் கண்டுகொள்ளாது. இரும்பு இழுக்கும். அப்புறம் உன் லேப்டாப் திரையை வெள்ளையாக்கிவிட்டு, அதற்கு முன்னால் குண்டைப் பிடித்து, வண்டி ஓட்டும்போது நீ போடுகிற கூலிங் கிளாஸ் வழியாகப் பார். திரை இருட்டாகத் தெரியும் வரைக்கும் கிளாஸைச் சாய்த்துக்கொள். எல்லாக் கூலிங் கிளாஸிலும் திரை இருட்டாகாது, உன்னுடையதில் ஆகும் என்று நினைக்கிறேன். வளையத்தைச் சுற்றி ஒரு வெளிச்சப் பூ தெரிந்தால், அங்கே கண்ணாடி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். உலைக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வந்த ஒரு பெண் இதை எனக்குக் காட்டினாள். காட்டியபோது எனக்கு வேர்த்துவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரும்பு இழுத்ததையும் பூ காட்டியதையும் ஈரச் சாக்கில் சுற்றி உடைத்துவிடு. மனசு வராது. உடை. வளையம் இருக்கும் சில்லை மட்டும் சுத்தியலால் தட்டிப் பிரித்து எறி, மீதியைச் சாக்கோடு எனக்கு அனுப்பு, வெள்ளையில் சேர்த்து உலைக்கு அனுப்பிவிடுகிறேன். அது மறுபடி பாட்டிலாகி எங்காவது போகட்டும். வெறும் பித்தளை மட்டும் உள்ளது இரண்டு மூன்று தேறும். அதிலும் துளை போடாதே, உள்ளே பல்பு வைக்காதே, சுடு தண்ணீர் ஊற்றாதே. அலமாரியில் மணல் பரப்பி அதில் உட்காரவைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படி செய். கை நீட்டினால் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். அழகு குறையாது, கூடத்தான் செய்யும். கல்யாணத்துக்குப் பிறகு கடையில் விற்றால், வாங்குகிறவரிடம், உள்ளே உலோகம் இருக்கிறது, இதை எங்கே வைக்கலாம் எங்கே வைக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல். சொன்னால் சில பேர் வாங்காமல் போவார்கள். போகட்டும். எது ஆனாலும் தலைக்கு மேல் மாட்டாதே.

நேற்று திமிரிக்குப் போனேன். உன் கல்யாணத்தில் அத்தை அதே கதையைப் புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால் எடுப்பாள், அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பாதி முறம் உரித்தாயிற்று. பிறகு சொன்னேன். வேலு கட்டிலிலிருந்து விழவில்லை, நான் கிடங்கிலிருந்து கொண்டுவந்த குண்டு உடைந்து விழுந்தது, அது உடையும்னு வீட்டுல யாருக்கும் தெரியாமல் போச்சுக்கா என்று. அவள் கை நின்றுவிட்டது. "நான் அவள எத்தினி பேச்சு பேசியிருக்கேன்டா. அதெல்லாம் இப்ப யாரு திருப்பி எடுத்துக்கறது?" என்றாள். மடியில் விழுந்த தோலை முற்றத்தில் உதறினாள். அப்புறம், "சரி உடு. ரெண்டு பேரும் சேந்து தெரியாம மாட்டிட்டீங்க, ரெண்டு பேரும் சேந்து மறச்சுட்டீங்க. புள்ள கண்ணு தப்பிச்சுதே, அதச் சொல்லு" என்றாள். எனக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. அவள் வீட்டில் சாப்பிட்டேன். கடலை ஒரு பை கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் தூங்கிக்கூட விட்டேன்.

கடிதத்தை இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துவந்தேன். உன் அம்மா கடலையை வறுத்துக்கொண்டிருந்தாள். "இன்னாயா அது, ரெண்டு நாளா எழுதிக்கினே இருக்க? படி, கேக்கலாம்" என்றாள். ஆரம்பத்திலிருந்து படித்தேன். காதர் பாய் வந்தார், தூளி வந்தது. அவள் கரண்டியை நிறுத்திவிட்டு, "அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றாள். எந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி வேறு வரியைப் படித்தேன். "அது இல்ல. நான் வேணாம்னு சொல்லலன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அது."

படித்தேன்.

"மூணு தடவ சொன்னேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "நீ எடுத்துக்கினு வந்த அன்னிக்கே சொன்னேன், அந்தக் கருப்பு வளையம் இரும்பு, எங்க கம்பெனில பித்தள தீந்துபோனா இதத்தான் போடுவாங்க, மழைக்குத் துரு ஏறும்னு. தூளிக்குப் பக்கத்துல நீ ஆணி அடிக்கறப்போ ஒரு தடவ சொன்னேன். பல்பு போடறப்போ ஒரு தடவ சொன்னேன். ஷூ தைக்கிறவளுக்குக் கண்ணாடியப் பத்தி இன்னா தெரியும்னு கேட்ட."

கேட்டேன், வேலு. அந்த வார்த்தையைத்தான் கேட்டேன். அவள் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது என்று எழுத முடியாது. எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது.

"திமிரில போயும் இதத்தான் சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்போ பாதித் தப்பு இன்னும் என் மேலதான் கீது" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கடலையைத் தட்டில் கொட்டி என் பக்கம் நகர்த்தினாள். "திரும்பப் போ" என்றாள்.

மேலே அந்த இரண்டு வரியை நான் அடிக்கவில்லை. உன் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவளுக்கும் அது பிடித்திருந்தது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய கடிதத்திலேயே அது எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று நீ பார்க்க வேண்டும், அதற்காகத்தான் விட்டிருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய புத்தி சொல்ல என்னிடம் இல்லை. உன் வீட்டுக்கு வருகிறவள் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், அவளுக்கு நூலைப் பற்றித் தெரியும், உனக்குக் கண்ணாடியைப் பற்றித் தெரியும். ஆனாலும் அவள் ஒரு தடவை வேண்டாம் என்றால், கையில் இருக்கிற சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடி திமிரிக்குப் போகிறேன். இந்தத் தடவை உன் அம்மாவும் கூட வருகிறாளாம். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்கு.

இப்படிக்கு,
உன் அப்பா